நிலாவுக்கு வழி சொன்ன ஆள்காட்டி

நிக்குதுன்னு நான் எப்ப மாப்ள சொன்னேன்? விழுந்துக்கிட்டு இருக்குன்னுல்லா சொன்னேன். கயிறு கட்டாம நிலா எப்படி அங்கேயே நிக்கும்னு கேட்டுட்டுச் சிரிக்கீங்க. பேத்தி செண்பகவல்லியக் கட்டின மாப்பிள்ளையாச்சேன்னு பொறுத்துக்கிடுதேன். காப்பியக் குடிச்சிக்கிட்டே கேளுங்க.

அந்தக் காலத்துல, கல்லும் பறவையும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிட்ட நாள்ல, நிலாவுக்கு ஊரும் கிடையாது, வீடும் கிடையாது. இருட்டுக்குள்ள நேரா ஓடிக்கிட்டே இருப்பா. திரும்பத் தெரியாது. அப்படி ஓடி வந்தவ ஒரு நாள் பூமிக்குப் பக்கத்துல வந்துட்டா. வந்ததும் அவ பாதை தானா வளையுது.

"என்ன ஏன் இழுக்க? விடு"ங்கா நிலா.

"நான் கை வைக்கலையே தாயி. என் உடம்பு பெருசு. பக்கத்துல வர்றதெல்லாம் எம்பக்கமாச் சாயும்"னு பூமி சொல்லுதா.

எங்க பெரிய நாத்தனா கோமு அப்படித்தான். அவ வாசல் வழியாப் போனா போதும், பேச்சுல இழுத்து உக்கார வச்சிருவா. கெட்ட எண்ணம் கிடையாது. ஒருக்கா குக்கருக்கு வாஷர் வாங்கக் கிளம்பினவ, விளக்கு வச்ச பெறகுதான் வீட்டுக்கு வந்தேன், வாஷர் இல்லாம. சரி, அத விடுங்க.

நிலாவுக்கோ ஓடி ஓடி அலுத்துப்போச்சு. பூமியப் பாத்தா நீலமா, மெத்தை மாதிரி தெரியுது. "நீதான் இழுக்கியே, நான் உம்மேலயே படுத்துக்கிடுதேன்"னு கண்ண மூடிட்டா. பூ உதிருத மாதிரி மெல்ல இறங்குதா. இறங்க இறங்க வேகம் கூடுது.

கீழ ஒரு பொட்டல்ல ஆள்காட்டிக் குருவி நாலு முட்டைய அடைகாத்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்குக் கூடு கட்டத் தெரியாது, வெறுந்தரையிலதான் முட்டையிடும். அண்ணாந்து பாத்தா, பாதி வானத்த மறைச்சுக்கிட்டு நிலா வாரா. முட்டையத் தூக்கிட்டு ஓட முடியுமா? மல்லாக்கப் படுத்து ரெண்டு காலையும் மேல நீட்டிச்சு, நிலாவத் தாங்கிப் பிடிக்கதுக்கு.

"இன்னும் கொஞ்சம் அகட்டி வை, நிலா நழுவிரும்"னு பக்கத்துல இருந்த ஓணான் கேலி பண்ணுது. ஓணான் ஏன் தலைய ஆட்டுதுன்னா... அது வேண்டாம், அது பெரிய கதை.

நரி வந்தா இந்தக் குருவி என்ன செய்யும் தெரியுமா? முட்டைகிட்ட நேரா போகாது. கத்திக்கிட்டே பக்கவாட்டுல ஓடும். நரி அது பின்னாலயே போயிரும், முட்டை தப்பிச்சிரும். அதுக்குத் தெரிஞ்ச வித்தை அது ஒண்ணுதான். எந்திரிச்சு அதையே நிலாவுக்குச் சொல்லிச்சு.

"ஏ நிலா, கண்ணத் தொற. நீ விழுந்தா எம்பிள்ளைகளும் போகும், நீயும் நொறுங்கிப்போவ. நேரா வராத. பக்கவாட்டுல ஓடு."

"ஓடினா மட்டும் இவ விடுவாளா? இழுக்காளே."

"இழுக்கட்டும். பூமி உருண்டைதான? நீ ஒரு முழம் கீழ விழுறதுக்குள்ள வேகமாப் பக்கத்துல ஓடிட்டா, தரையும் ஒரு முழம் வளஞ்சு கீழ போயிருக்கும். நீ பாட்டுக்கு விழுந்துக்கிட்டே இரு. தரைக்கு வந்து சேரமாட்ட."

"கால் வலிக்குதே."

"அம்புட்டு உசரத்துல காத்து கிடையாது, முள்ளு கிடையாது. உன்ன நிறுத்த யாரு இருக்கா? ஒருக்கா வேகம் எடுத்துட்டாப் போதும், ஓட்டம் தானாப் போகும்."

நிலா கண்ணத் தொறந்தா. பொட்டல்ல நாலு முட்டை, புள்ளி புள்ளியா, கூழாங்கல்லு கணக்கா. என்ன நெனச்சாளோ, உடம்ப ஒரு பக்கமாத் திருப்பி ஓட ஆரம்பிச்சா. பூமி இழுக்கா, இவ ஓடுதா. விழுதா, தரை விலகுது. விழுதா, விலகுது. போற வழியில பதிலுக்கு இவளும் பூமிய இழுக்கா. தூங்கிக்கிட்டிருந்த கடலு கொஞ்சம் எந்திரிச்சு உக்காந்துச்சு. முழு வட்டம் சுத்தி அதே பொட்டலுக்கு மேல வந்தப்ப, முட்டைக்குள்ள இருந்து குஞ்சு ஓட்டக் கொத்துற சத்தம் கேக்குது.

இந்தப் பூமியும் சூரியனப் பாத்து இப்படித்தான் விழுந்துக்கிட்டே ஓடுது மாப்ள, மத்த கிரகங்களும்தான். ஒண்ணும் நிக்கல.

அன்னைக்குத் தொடங்கினதுதான். பூமி இழுக்கத நிறுத்தல, நிலா ஓடுறத நிறுத்தல. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் விடாம, தொடாம இருக்காக.

ஏட்டி செண்பகவல்லி, மாடியில வத்தல் காயுது, பனி இறங்க ஆரம்பிச்சிட்டு. பாயோட உள்ள எடுத்துட்டு வா.