சாவியோடு வந்த ரசிகர்கள்

பொட்டல் காட்டில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ். அதன் தாளாளர் தங்கப்பாண்டியனுக்கு ஐயாயிரம் பேர் உட்காரும் கூடைப்பந்து ஸ்டேடியம் கட்ட ஆசை. இருக்கிற சின்ன கேலரியிலேயே மேட்ச் அன்றைக்கு ஒரு நாய்தான் படுத்திருக்கும்.

பெண்கள் டீம் கேப்டன் இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஸ்டேடியம் விஷயமா மந்திரி வர்றார். கேலரி நிரம்பணும். இல்லேன்னா உன் டீமையே கலைச்சிடுவேன்."

"நிரம்பிடும் சார்."

மேட்ச் ஐந்து மணிக்கு. காலேஜ் பஸ் நாலரைக்கே கிளம்பிவிடும், அதை விட்டால் வீடு போக வேறு வண்டி கிடையாது. இசக்கி நேரே டிரைவர்களிடம் போனாள். "அண்ணே, ஒரே ஒரு நாள் எங்க ஆட்டத்தைப் பாருங்கண்ணே."

பாவம் பிள்ளை கேட்கிறதே என்று அத்தனை டிரைவர்களும் மறுநாள் சாவியோடு கேலரியில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களைத் தேடிக்கொண்டு மொத்தக் காலேஜும் வந்தது.

மந்திரிக்கு வாயெல்லாம் பல். பக்கத்துப் பையனிடம், "எந்த டீம் ஜெயிக்கணும் தம்பி?" என்றார்.

"எது ஜெயிச்சா என்ன சார், எங்க டிரைவர் எந்திரிச்சா போதும்."

தாளாளர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஸ்டேடியம் வேண்டாம் சார், பஸ்ஸைக் கொஞ்சம் லேட்டா எடுக்கச் சொல்லுங்க" என்றாள் இசக்கி அவரிடம்.

மறுநாளே உத்தரவு வந்தது. டிரைவர்கள் இனி பஸ்ஸை விட்டு இறங்கவே கூடாது.

கேலரி நிரம்பிய போட்டோவைக் காட்டியே ஸ்டேடியத்தையும் கட்டிவிட்டார்கள். இசக்கி பந்தைத் தட்டினால் ஐயாயிரம் காலி நாற்காலியிலும் மோதிச் சத்தம் திரும்பி வருகிறது. பாவம், அந்த நாய்க்குத்தான் எதில் படுப்பதென்று தெரியவில்லை.