மூன்றாய்ப் பிரிந்த நீலச்செடி

முன்னொரு காலத்திலே, மகிழாற்றங்கரையிலே, வைரவன் என்று ஓர் ஓடக்காரன் இருந்தான். அவன் மனைவி தேனம்மை மருந்து காய்ச்சுகிறவள்.

ஒருநாள் காலையில் கரிமுகன் என்ற மந்திரவாதி வந்தான். "நடு ஆற்றில் ஓடத்தைக் கவிழ்த்துவிடு. எனக்கு ஏழு உயிர் வேண்டும்" என்றான்.

"என்னை நம்பி ஏறுகிறவர்களையா? மாட்டேன்."

"அப்படியானால் கல்லாகிப் போ!"

வைரவனின் பாதம் கல்லானது. கல் மெல்ல மேலே ஏறியது.

தேனம்மை அலறிக்கொண்டு மலைக்கு ஓடினாள். எந்த மூலிகையைப் பறிப்பது? அப்போது பாறை இடுக்கிலிருந்த நீலச்செடி பேசியது.

"என்னைப் பறி, அம்மா. மெல்லிய தீயில் வேகவைத்து என் ஆவியைப் பிடி. பிறகு சாற்றை வடி. சக்கையை எரித்து, சாம்பலிலிருந்து உப்பை எடு. மூன்றையும் ஒன்றாகச் சேர். ஒன்று கெட்டாலும் நானும் இல்லை, உன் புருஷனும் இல்லை."

"உனக்கு வலிக்காதா?"

"வலிக்கும். சீக்கிரம் பறி."

அவள் திரும்பியபோது கல் முழங்காலுக்கு வந்திருந்தது. கணவன் பக்கத்திலேயே அடுப்பை மூட்டினாள். மூடியிலிருந்து ஆவி சொட்டுச் சொட்டாக இறங்கியது. கல் இடுப்புக்கு வந்தது. சாற்றை வடித்தாள். கல் மார்புக்கு வந்தது. சக்கையை எரித்து, சாம்பலைக் கரைத்து, தெளிந்த நீரை அடுப்பில் வைத்தாள். உப்பு பூக்கவேயில்லை.

"தேனு, மூச்சு முட்டுதடி! தீயைக் கூட்டு!" என்று முதுகுக்குப் பின்னால் வைரவனின் குரல் கதறியது.

அவள் அடுப்பில் வைக்க ஒரு விறகைக் கையில் எடுத்துவிட்டாள். தீயைக் கூட்டினால் உப்பு கருகிவிடும். கூட்டாவிட்டால்? திரும்பிப் பார்த்தாள். வைரவனின் உதடு அசையவில்லை. "கூட்டாதே" என்று கண்ணால் கெஞ்சினான்.

குரல் கரிமுகனுடையது!

விறகைக் கீழே போட்டாள். காத்திருந்தாள். கல் கழுத்துக்கு வந்தது. தாடைக்கு வந்தது. அப்போதுதான் சட்டியின் ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூத்தது.

மூன்றையும் சேர்த்தாள். மறைந்திருந்த கரிமுகன் பாய்ந்து சட்டியைப் பிடுங்கினான். மருந்து சிதறி அவன் முகத்திலும் விழுந்தது, வைரவன் உதட்டிலும் விழுந்தது.

கல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வைரவன் இருமிக்கொண்டே மனைவி தோளில் சாய்ந்தான். சட்டிக்குள் நீலச்செடி பச்சைப்பசேலென்று துளிர்த்து நின்றது.

கரிமுகனின் மந்திரமெல்லாம் கரைந்துபோயிற்று. அவன் ஒரு சாதாரணக் கிழவனாக அங்கே உட்கார்ந்து விழித்தான்.

"தாயே, நான் வெகுநாளாக வீட்டுக்குப் போகவில்லை. அக்கரைக்கு எப்படிப் போவது?" என்று அழுதான்.

தேனம்மை கணவனைப் பார்த்தாள். வைரவன் கொஞ்ச நேரம் காலை நீவிவிட்டுக்கொண்டான். பிறகு எழுந்துபோய் ஓடத்தை அவிழ்த்தான்.

"ஏறுங்க, பெரியவரே" என்றான்.