உள்ளங்காலில் மூன்று புள்ளி

முன்பொரு காலத்தில் வெண்மணற்சீமையைப் பரிமளவேந்தன் என்றோர் அரசன் ஆண்டான். அவன் உப்பளத்து மக்களுக்குச் செய்ததை வரிசை மாறாமல் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போக வேண்டும். வரிசை மாறினால், கடைசிக் கொடுமையை ஏதோ குற்றத்துக்குக் கொடுத்த தண்டனை என்று அரண்மனைக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

முதலில், அவர்கள் கோட்டை வடக்கு வாசலில் கால் வைக்கக் கூடாது என்றான். இரண்டாவது, பிறந்த பிள்ளைகளின் பெயரைச் சபையில் சாட்சிகள் முன் வாசிக்கும் வழக்கத்திலிருந்து அவர்களை நீக்கினான். வாசிக்கப்படாத பெயருக்கு அந்த நாட்டில் வழக்கும் இல்லை, நிலமும் இல்லை. மூன்றாவது, சபையில் அவர்கள் தங்கள் வாயால் பேசக் கூடாது, அவர்களுக்காக ஆஸ்தானப் புலவர் நாவரசர் பேசுவார் என்றான். அவர்கள் "கூலி போதவில்லை" என்று வெளியே முறையிட்டால், "மன்னர் வாழ்க என்கிறார்கள்" என்று நாவரசர் உள்ளே சொல்வார். நான்காவது, உப்பளத்தில் கூலிவேலை செய்த வேலாயியின் கைக்குழந்தையைப் பிடுங்கினான்.

அது நடந்த விதம் இது. ஒருநாள் அரசனுக்குச் சந்தேகம் வந்தது. "யாரும் பேசிக் காட்டாமல் வளர்ந்தால் பிள்ளை எந்தப் பாஷை பேசும்?"

"பேச்சு ரத்தத்தில் ஓடுவது, மன்னா," என்றார் நாவரசர். "என் பேத்தியை ஊமை வீட்டில் வளர்த்தாலும் செய்யுள் சொல்வாள். அளத்துக் குழந்தை காக்கையாகக் கரையும்."

"ரத்தத்துக்கு ஏது நாக்கு?" என்றார் அமைச்சர் கூத்தனார். "காதில் விழாத பேச்சு வாயில் வராது."

"அமைச்சருக்கு அளத்துக் காற்று ஒத்துக்கொள்கிறது போலும்," என்றார் நாவரசர். சபை சிரித்தது.

அரசன் சிரிக்கவில்லை. நாவரசரின் பேத்திக்குத் தங்க அரைஞாண், வேலாயியின் மகளுக்குக் கறுப்புக் கயிறு கட்டி, ஏரிக்கு அப்பால் ஒரு வீட்டில் இருவரையும் விட்டான். வேலைக்காரர்கள் ஒரு சொல் பேசினாலும் தலை போகும். நாவரசர் சொன்னது பலித்தால் அளத்து மக்களின் வாய்ப்பூட்டு நிரந்தரம், வேலாயியின் மகள் ஆயுள் முழுக்க யானைக்கொட்டில் அடிமை. பலிக்காவிட்டால் மூன்று தடைகளும் நீங்கும். பேத்தியைப் பெற்ற நாவரசரின் மருமகளை யாரும் கேட்கவில்லை. வேலாயியையும் கேட்கவில்லை.

ஐந்து வருடம் கழித்து, தீர்ப்பு நாளில், வேலாயியை வாசலில் நிறுத்திக் கூத்தனார் சொன்னார்: "தாயே, உள்ளே எதைப் பார்த்தாலும் நான் கேட்கும்வரை வாய் திறக்காதே. திறந்தால் உன் பிள்ளையும் இல்லை, என் தலையும் இல்லை."

பிள்ளைகள் வந்தார்கள். வேலாயி கறுப்புக் கயிற்றைத் தேடினாள். கட்டியிருந்தது யாரோ பெற்ற பிள்ளை. தங்க அரைஞாண் கட்டியவள் இடது தோளைச் சற்றுத் தூக்கி நடந்தாள். செத்துப்போன தன் புருஷனின் நடை. அமைச்சனும் அவர்கள் ஆள்தானா? தன் பிள்ளையை நாவரசர் வீட்டுக்குத் தாரை வார்க்கவா இத்தனை ஏற்பாடு? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தங்க அரைஞாண்காரி கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, "ம்பூ, தெ, ம்பூ" என்றாள்.

நாவரசர் கண் கலங்கிவிட்டார். "கேட்டீர்களா மன்னா? ஆதி மொழி. என் பாட்டனார் ஏட்டில் இருக்கும் துதி. என் ரத்தம் பேசுகிறது."

கறுப்புக் கயிற்றுக்காரி, "தெ, ம்பூ" என்று பதில் சொன்னாள்.

"இது காக்கை," என்றார் நாவரசர். "சந்தேகமே இல்லை."

"இரண்டும் ஒரே சத்தமாக இருக்கிறதே?" என்றான் அரசன்.

"சத்தம் ஒன்றுதான் மன்னா. பிறப்பு வேறு."

"அப்படியானால் அந்தக் கலைமகளை வணங்க வேண்டாமா, புலவரே?" என்றார் கூத்தனார், முகத்தில் சிரிப்பைக் காட்டாமல்.

நாவரசர் தரையில் மண்டியிட்டார். குழந்தையை ஆசனத்தில் ஏற்றி, அதன் பாதத்தை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். அரசன் எழுந்தான். தீர்ப்புச் சொல்லக் கையை உயர்த்தினான். வேலாயியின் நகம் உள்ளங்கையைக் கிழித்தது.

"ஒரு நொடி, மன்னா," என்றார் கூத்தனார். "வேலாயி மகளை இழக்கப் போகிறவள். ஒரே ஒரு வார்த்தை பேச உத்தரவு வேண்டும்."

அரசனுக்கு வேடிக்கையாக இருந்தது. "பேசட்டும்."

தங்க அரைஞாண் தன் மகள் இடுப்புக்கு வந்தது யார் கைவேலை என்று அப்போதுதான் வேலாயிக்கு விளங்கியது.

"மகாராசா, எங்க பிள்ளைகளுக்குப் பேரு வைக்கிற அன்னிக்கே உள்ளங்கால்ல மூணு புள்ளி பச்சை குத்துவோம். உப்பு காலைத் தின்னக் கூடாதுன்னு. அய்யா தலையில இருக்கிற காலைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க."

ஐந்து வருடமாக எத்தனையோ பேர் அந்த வீட்டைச் சோதனை போட்டிருந்தார்கள். அளத்துப் பிள்ளையின் காலடியைக் குனிந்து பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. இப்போது அது நாவரசரின் தலைமேல் இருந்ததால் எல்லோருக்கும் தெரிந்தது. மூன்று பச்சைப் புள்ளி.

"கயிற்றை நேற்று மாற்றிக் கட்டியவன் நான்தான்," என்றார் கூத்தனார். "ரத்தம் பேசும் என்றார். பேசியிருந்தால் தன் பேத்தியை அது காட்டிக் கொடுத்திருக்கும்."

"அப்படியானால் இவர்கள் பேசுவது என்ன?" என்றான் அரசன்.

கூத்தனார் ஒரு குவளைத் தண்ணீரைக் கறுப்புக் கயிற்றுக்காரியிடம் மட்டும் காட்டிவிட்டு மறைத்தார். அவள் "ம்பூ" என்றாள். ஆசனத்தில் இருந்தவள் உடனே இறங்கி ஓடிவந்து, குடிக்கக் கையைக் குவித்தாள்.

"பயந்து தண்ணீர் கேட்டிருக்கிறாள். புலவர் துதி என்றார். காதில் விழப் பேச்சில்லை, அதனால் இரண்டு பேரும் சேர்ந்து தங்களுக்கு ஒன்று உண்டாக்கிக்கொண்டார்கள், மன்னா. பேச்சு ரத்தத்தில் இல்லை. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவில் இருக்கிறது."

அரசன் வேலாயியின் பக்கம் திரும்பினான். "மூன்று தடைகளும் நீங்கின. இன்னும் என்ன வேண்டும், கேள்," என்றான்.

வேலாயி தன் மகளைப் பார்த்தாள். மகள் அவளைப் பார்க்கவில்லை. அம்மா என்ற சொல்லே அவளுக்குத் தெரியாது. அதை எந்த அரசன் திருப்பிக் கொடுப்பான்?

"அந்தப் பிள்ளையும் தினம் எங்க அளத்துக்கு வரட்டும், மகாராசா. இதுக பேச்சு இதுகளுக்குத்தான் புரியுது. பிரிச்சா ரெண்டும் மறுபடி ஊமையாயிடும். அப்புறம், எம்பிள்ளை பேரை இங்க வாசிக்கணும். அந்தப் புலவரய்யாவே வாசிக்கணும்."

ஓலை எழுதப்பட்டது. சாட்சிகள் எழுந்து நின்றார்கள். நாவரசர் ஓலையைச் சரிபார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலாயி காத்திருந்தாள். அரசன் இருமினான்.

"உப்பளத்தெரு வேலாயி மகள்," என்று வாசித்தார் நாவரசர், "அலைநாச்சி."