அமைச்சர் பேசிய தண்ணீர்

முன்னொரு காலத்தில், ஏரி நீரைச் செப்புக் குழாய் வழியே வீடுதோறும் அனுப்பி, வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வாங்கிய அரசன் ஒருவன் இருந்தான். அவனிடம் நீர்த்துறை அமைச்சர் சோமராயர் புதுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் சின்னச் சக்கரம் ஒன்று. ஒரு குடம் நீர் போனால் அது ஒரு சுற்றுச் சுற்றி மணி அடிக்கும். மணிக்கு ஏற்ப வரி. சக்கரம் வேண்டாம் என்பவருக்கு இரட்டை வரி.

அரசனுக்கு ஆசை பிறந்தது. ஆனால் எந்தப் புது வரியையும் குடிகள் கேட்கும்படி சபையில் ஆராய வேண்டும் என்பது பழைய விதி. ஆராயும் வேலையை விகடன் வீரநம்பியிடம் கொடுத்தான்.

சோமராயருக்கு வீரநம்பியைக் கண்டாலே ஆகாது.

"அரசே, என் சக்கரம் பொய் சொல்லாது. சொல்லும் என்றால், அதைத் தொடாமல், ஒரு சொட்டு நீரும் விடாமல் விகடர் நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன், விளையாட்டாக.

 நாள் முழுக்கத் துணி அலசும் சாயக்காரர் தெருவுக்கு எவ்வளவு வரி விழும் என்று வீரநம்பி எண்ணிப் பார்த்தான். சபையில் வைத்திருந்த மாதிரிக் குழாயைச் சுற்றி வந்தான். அது சுவரைத் துளைத்து வெளிமுற்றம் வரை போயிற்று. முற்றத்துக் காற்றில் சக்கரம் லேசாக நடுங்கியது. அவனுக்கு உயிர் வந்தது.

"அரசே, குடிகள் வெளியே நிற்கிறார்கள். விதிப்படி அவர்களும் கேட்க வேண்டும். அமைச்சர் இந்தக் குழாயில் வாய் வைத்துத் தம் திட்டத்தின் பெருமையைச் சொல்லட்டும்."

பெருமை என்றதுமே சோமராயர் குனிந்துவிட்டார். பேசப் பேச மணி அடித்தது. தமக்குத்தான் பாராட்டு என்று நினைத்துக் குரலை உயர்த்தினார். மணி ஓயவில்லை. வெளியே குடிகள் சிரிக்கத் தொடங்கினார்கள்.

அவர் நிமிர்ந்தபோது, மணியை எண்ணிக்கொண்டிருந்த கணக்கர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பிரபு, அமைச்சர் இதுவரை ஒரு யானையைக் குளிப்பாட்டும் அளவுக்கு நீர் செலவழித்திருக்கிறார்."

"நான் தொடவில்லை. ஒரு சொட்டும் விடவில்லை" என்றான் வீரநம்பி.

"அது... வெறும் காற்று" என்று தடுமாறினார் சோமராயர்.

"ஏரி வற்றினால் குழாயில் அதுதானே வரும், ஐயா? அதற்கும் வரி கட்டச் சொல்வீர்களா?"

அரசன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். திட்டத்தைத் தள்ளினான், தன் முத்துமாலையைக் கழற்றி வீரநம்பியின் கழுத்தில் போட்டான். காவலர்கள் குழாயைக் கழற்ற வந்தார்கள்.

"இருக்கட்டும். இனி என் அமைச்சர்கள் எல்லாரும் இதன் வழியாகவே பேசட்டும், மணிக்கு ஏற்ப வரியும் கட்டட்டும்" என்றான் அரசன்.

அதன்பிறகு அந்த நாட்டில் சபை, வெயில் ஏறுமுன்பே கலைந்துவிடும்.