மூன்று செவ்வந்தி மாலைகள்

விடியும்வரை கண் மூடாமல் தியானத்தில் இருந்தவருக்குக் காலையில் செவ்வந்தி மாலை போடுவது அந்த மலையடிவார மடத்து வழக்கம். பொன்னுரங்கத்துக்கு அன்று மூன்றாவது மாலை. மடமே அவரைப் பார்த்து மெய்சிலிர்த்துக்கொண்டிருந்தது. தியானம் கைகூடிய ஆளுக்கு இனி மனநோய் மாத்திரை எதற்கு என்று ஆளாளுக்கு யோசனை வேறு.

அவருக்கோ பயமாக இருந்தது. மாலையோடு தொழுவத்துக்கு ஓடினார்.

குரு செண்பகவல்லியம்மை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். பொன்னுரங்கத்தைவிடப் பத்து வயது இளையவர்.

"அம்மா, நான் தியானம் பண்ணலை. தூக்கம் வரலை."

குரு வாளியைக் கீழே வைத்தார்.

"போன தடவை புத்தி பிசகினப்போ முதல்ல என்ன ஆச்சு, ஐயா?"

"தூக்கம் போச்சு."

"அப்புறம்?"

"மாத்திரையை விட்டேன். யாரோ கூப்பிடுற மாதிரி குரல் கேட்டுச்சு."

"அப்புறம்?"

பொன்னுரங்கம் தன் கணுக்காலைப் பார்த்தார். வீட்டார் கட்டிவைத்த சங்கிலியின் தழும்பு அங்கே இன்னும் கறுத்திருந்தது.

"இப்போ குரல் கேக்குதா?"

"இல்லம்மா."

"மாத்திரை?"

"நேத்து போடலை."

"கூடத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா! வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மறுபடியும் கட்டிப் போட்டுடுவாங்க."

"நான் இருக்கறவரைக்கும் யாரும் அனுப்ப மாட்டாங்க. சொல்லட்டுமா?"

அவர் சரியென்று தலையாட்டினார்.

குரு அவர் கழுத்து மாலையைக் கழற்றி மாட்டின் முன் போட்டார். மாடு அது பாட்டுக்குத் தின்றது. குரு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஐயாவுக்குத் தூக்கம் கெட்டுப்போச்சு. இது தவம் இல்லை, நோவு. முத்தையா, டவுன் டாக்டர்கிட்ட இப்பவே கூட்டிட்டுப் போ. இனிமே இவர் தூங்கலைன்னா மாலை கட்டாதீங்க. என்கிட்ட வந்து சொல்லுங்க."

முத்தையா செருப்பை மாட்டிக்கொண்டு வந்தான்.

தொழுவத்து வாசலில் பொன்னுரங்கம் திரும்பி நின்றார்.

"அம்மா, இது இனிமே வராதில்ல?"

"வரலாம்."

"அப்போ இந்தப் பயம் எப்பதான்மா போகும்?"

குரு வாளியைத் தூக்கினார்.

"அதை ஏன் ஐயா போகச் சொல்றீங்க? அத்தனை பேர் மாலை போட்டப்போ, உங்களை என்கிட்ட கூட்டிட்டு வந்தது அது ஒண்ணுதானே."