வெட்டிப்போட்ட ஓரங்கள்

இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தாறு. சீடருக்கு ஐம்பத்தெட்டு. அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

குருவின் பெயர் ரிஸ்வானா. மேலப்பாளையத்தில் ஒரு மாடியில் வீடியோ எடிட்டிங் சொல்லிக்கொடுக்கிறாள். சீடர் இசக்கியப்பன். மாவு மில் வைத்திருக்கிறார். மவுஸைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

அவர் மகன் நம்பிராஜன் போன ஐப்பசியில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் வருஷத் திதி. அன்றைக்கு வீட்டில் போட்டுக் காட்ட ஒரு வீடியோ வேண்டும்.

"கடையில குடுத்தா பாட்டப் போட்டு, பூவா உதிர விட்டு அசிங்கம் பண்ணிருவானுவ. நானே செய்யணும் டீச்சர். அவன் அம்மைக்கு அவன இன்னொரு தடவை பாக்கணுமாம்." இப்படிச் சொல்லித்தான் வந்து சேர்ந்தார்.

முதல் நாள் எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னாள்.

"மொதல்ல சத்தத்தை அணைச்சிருங்க அண்ணாச்சி. படத்தை மட்டும் பாருங்க. ஒவ்வொரு கிளிப்லயும் ஆரம்பத்துல கை ஆடும், முடிவுல கை ஆடும். அந்த ரெண்டு ஓரத்தையும் வெட்டிருங்க. நடுவுல நல்லா இருக்கிறதை வரிசையா அடுக்குங்க."

மனுஷன் அப்படியே செய்தார். நம்பியின் போனில் இருந்த கிளிப்புகள் எல்லாம் சுத்தமாக வரிசையில் நின்றன. திருச்செந்தூர் கடற்கரை, குற்றாலம், தங்கச்சி வளைகாப்பு. எதிலும் ஒரு ஆட்டம் கிடையாது.

புதன்கிழமை மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். இவர் எழுந்திருக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"இதுல அவன் எங்க டீச்சர்?"

ரிஸ்வானா முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். அம்மா இருந்தாள். தங்கச்சி இருந்தாள். ஒரு மூலையில் இசக்கியப்பன் கடுகடுவென்று நின்றார். நம்பி எதிலும் இல்லை.

"போனப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் அவந்தானே. ஒவ்வொண்ணா வெட்டும்போது எனக்கு இது தோணவே இல்ல. மொத்தமா ஓட்டும்போதுதான் தெரியுது. ஞாயித்துக்கிழமை அவகிட்ட நான் என்னத்தக் காட்டுவேன்? லைசென்ஸ் போட்டோவையா?"

  

திரையில் வெட்டின ஓரம் ஒன்றின் மேல் விரலை வைத்துக் கேட்டார்.

"வெட்டுனதெல்லாம் எங்க டீச்சர் போகும்?"

"எங்கயும் போகாது."

முதல் கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். வெட்டின பகுதி திரும்ப வந்து அது நீண்டது. சத்தத்தைத் திறந்தாள்.

மணலில் ஒரு நிழல், போன் பிடித்த கையைத் தூக்கியபடி. "எம்மா, கண்ண மூடாத. ரெடி."

அடுத்ததை இழுத்தாள். கேமராவை விரல் மறைத்து, படம் முழுக்க ரோஸாக இருந்தது. "ஏட்டி, ரொம்பப் பல்லக் காட்டாத" என்று ஒரு சிரிப்பு.

அதற்கடுத்தது. "ஆங், போதும் போதும்."

இசக்கியப்பன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "இங்கன இருக்கானே. அடப்பாவி, நானேல்லா வெட்டிப் போட்டிருக்கேன்."

"நான்தானே வெட்டச் சொன்னேன்" என்றாள் ரிஸ்வானா.

ஒவ்வொன்றாக இழுத்து, ஒன்று விடாமல் இரண்டு பேரும் கேட்டார்கள். கடைசியாக இருந்தது திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் எடுத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். வெட்டின ஓரத்தை இழுத்ததும் படம் ஆடியது.

"நானும் அம்மா பக்கத்துல நிக்கேன். இதக் கொஞ்சம் பிடிங்க அப்பா."

கடைசி வார்த்தையை அவன் சொல்லும்போதே அதன் மேல் இசக்கியப்பனின் குரல் ஏறியது.

"சோலியப் பாருல. பஸ்ஸு போயிரும்."

அப்புறம் தரை தெரிந்தது. கிளிப் முடிந்துவிட்டது.

இசக்கியப்பன் கையை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"மத்ததெல்லாம் இருக்கட்டும் டீச்சர். இதுல என் பேச்சு இருக்க இடத்த மட்டும் வெட்டிருவோம். அவ இப்ப இதக் கேட்டா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா."

ரிஸ்வானா மவுஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"வெட்டலாம் அண்ணாச்சி. ஆனா உங்க பேச்சு இருக்க இடத்துலதான் உங்க பையன் 'அப்பா'ன்னு சொன்னதும் கெடக்கு. மத்த எதுலயும் அவர் உங்களக் கூப்பிடல."