எங்கே வலிக்கிறது?

கருவேல மரங்கள் நிறைந்த ஓர் ஏரியில் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக வாழ்ந்தன. அவற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏரி வற்றி மதகுக் கல்லின் அடி காய்ந்து தெரிகிற அன்றே கூட்டம் கிளம்பிவிடும். ஒரு கரையில் எழும்பி, நடுவில் இறங்காமல் மறுகரையைத் தொடத் தெரியாத குஞ்சு ஏரியிலேயே கிடக்க வேண்டியதுதான். கோடையில் அங்கே நத்தையும் இருக்காது, தண்ணீரும் இருக்காது.

மதகன் என்ற குஞ்சுக்கும் இது தெரியும். பறக்கக் கற்பதுதான் தனக்கு முக்கியம் என்று கேட்டவரிடமெல்லாம் சொல்லும். ஆனால் விடிந்தால் ஓரிடத்தில் நிற்காது. நண்டுகளுக்குள் வளைத் தகராறா? ஓடிப்போய் நடுவில் நிற்கும். தவளைகளின் தாவும் போட்டிக்கு நடுவரும் அதுதான். புதிதாக வந்த வாத்துகளுக்கு ஏரியைச் சுற்றிக் காட்டுவதும் அதுதான். நடுநடுவே இரண்டு தடவை இறக்கையை அடித்துப் பார்க்கும். அதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

மதகுக் கல்லின் அடிக்கு மேல் ஒரு சாண் தண்ணீர்தான் மிச்சம். அன்று சாயங்காலம் மதகன் ஏரியைக் கடக்கப் பார்த்தது. பாதி வழிகூடப் போகவில்லை, சேற்றில் தொப்பென்று விழுந்தது. எப்படியோ நடந்து கூட்டுக்கு வந்தது. கூடப் பிறந்த அல்லி அங்கே இருந்தது. அல்லி அந்த வாரம்தான் மறுகரையைத் தொட்டிருந்தது.

மதகனுக்கு அழுகையே வந்துவிட்டது. நாள் முழுக்க உட்காராமல் ஓடுகிற தன்னைவிடப் பாடுபடுகிற குஞ்சு இந்த ஏரியில் உண்டா என்று பொருமியது. உடம்பெல்லாம் வலிக்கிறதாம்.

"உடம்புன்னா எங்கடா வலிக்குது?" என்று கேட்டது அல்லி.

மதகன் யோசித்துப் பார்த்தது. "கால்தான்."

"பறக்கப் பழகுறவனுக்கு இறக்கைதானே வலிக்கணும்? கால் ஏன்டா வலிக்குது?"

அன்றைக்கு மதகனுக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக இறக்கையை விரித்தது. வழக்கம்போலத் தவளைகள் கூப்பிட்டன. உச்சிவேளைக்கு மேல் வருவதாகச் சொல்லியனுப்பியது. "பெரிய ஆளாயிட்ட போல!" என்றது ஒரு தவளை. மதகனுக்குச் சுருக்கென்றது. போய்விடலாமா என்று இரண்டு தரம் எழுந்தது. ஆனாலும் போகவில்லை. நண்டுகள் தங்கள் தகராறைத் தாங்களே தீர்த்துக்கொண்டன. ஒவ்வொரு சாயங்காலமும் மதகன் தன்னைத்தானே கேட்டுக்கொண்டது: இன்றைக்கு எங்கே வலிக்கிறது?

ஒன்பதாம் நாள் காலையில் மதகுக் கல்லின் அடி காய்ந்துவிட்டது. நாரைகள் ஒவ்வொன்றாக எழும்பின. அன்றைக்கென்று பார்த்துத் தவளைகளுக்கு இறுதிப் போட்டி. நடுவரைக் காணோமே என்று கீழேயிருந்து கத்தின. மதகன் ஒரு தரம் குனிந்து பார்த்தது. பிறகு மறுகரையைப் பார்த்து இறக்கையை அடித்தது.

பாதி ஏரியில், முன்பு விழுந்த இடத்துக்கு நேர் மேலே, இறக்கை கடுமையாக வலித்தது. அந்த வலி அதற்குப் புதிதல்ல. கரையைத் தாண்டி, அல்லியின் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டது.

நமக்கு எது முக்கியம் என்று வாயால் சொன்னால் போதாது, நாளின் நல்ல நேரத்தை அதற்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.